ஹெட்லியின் வெள்ளிக்கிழமை பீர்

வட இங்கிலாந்தின் கீத்லி ஊரில் ஹெட்லி சக்டன் கால் வைக்காத சமையலறை குறைவு. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊரின் கேஸ் அடுப்புகளையும் பாய்லர்களையும் பொருத்திக்கொண்டும் பழுது பார்த்துக்கொண்டும் இருந்தவர். கூப்பிட்ட வீட்டுக்குள் நுழைந்ததும் கருவிப் பையைக் கீழே வைக்க மாட்டார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே நின்று மூச்சை ஒரு தடவை இழுப்பார். "மாடிப்படிக்குக் கீழ போற குழாய்" என்பார், அல்லது "உங்க வீட்டுல இல்லம்மா, பக்கத்து வீட்டுல" என்பார். பெரும்பாலும் அங்கேதான் கசிவு இருக்கும். அவருடைய மூக்கைப் பற்றி ஊரில் கேலிக்கும் குறைவில்லை. ஹெட்லி தெருவில் வந்தால் புருஷன்மார்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள், எந்தக் கடையில் குடித்தோம் என்று மனைவியிடம் சொல்லிவிடுவார் என்று.

வீட்டில் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பீர் காய்ச்சுவார். சனிக்கிழமை காலையில் பெரிய பானையில் முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, வடித்து, கசப்புப் பூ போட்டுக் கொதிக்கவைப்பார். புளித்து முடிந்ததும் பாட்டிலில் அடைப்பார். அவர் மனைவி நோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவளுக்குப் பீர் பிடிக்காது. ஆனாலும் அந்தக் கொதி மணம் வீடெல்லாம் பரவும்போது ஜன்னலைச் சாத்திவைப்பாள், வெளியே போய்விடக் கூடாது என்று. பாட்டில்களை ஹெட்லி பிளீச்சிங் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். லேசாக வாடை இருந்தாலும் மறுபடி அலசுவார்.

ஒரு அக்டோபர் மாதம் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் இலை அடைத்துக்கொண்டது. ஹெட்லி ஏணி போட்டு ஏறினார். கீழே கல்லில் பாசி இருந்திருக்கிறது. ஏணியின் கால் வழுக்கி, பின்னந்தலை கொல்லைச் சுவரில் மோத விழுந்தார். பெரிய காயம் என்று சொல்ல முடியாது. தையல் போட்டார்கள், சில நாள் படுக்கவைத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனையில் கொடுத்த டீ வெறும் சுடுதண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று ஹெட்லி குறைப்பட்டுக்கொண்டார். மருத்துவமனை டீ அப்படித்தான் இருக்கும் என்று நோரீனும் விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்த வாரத்தில் ஒரு காலை. நோரீன் மாடியில் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். கருகிய நாற்றம் மேலே வந்தது. ஓடி இறங்கினாள். சமையலறை முழுக்கப் புகை. அடுப்பின் கிரில்லுக்குள் வாட்ட வைத்த ரொட்டி கரியாகி எரிந்துகொண்டிருந்தது. ஹெட்லி அதற்கு முதுகைக் காட்டியபடி மேஜையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஹெட்லி! என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

"ஏன், என்ன ஆச்சு?" என்று நிமிர்ந்தார். திரும்பிப் பார்த்தார். புகையைப் பார்த்தார். நோரீன் அடுப்பை அணைத்துவிட்டு அவர் மூக்கைப் பார்த்தாள்.

மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் நூலைவிட மெல்லியவை, விழுந்த அதிர்ச்சியில் அறுந்திருக்கும் என்றார் டாக்டர். நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, கசப்பு, உப்பு தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை, அது திரும்ப வரலாம், வராமலும் போகலாம்.

ஹெட்லி அன்றைக்கே முதலாளியைப் போனில் கூப்பிட்டுத் தானாகவே சொல்லிவிட்டார்.

"அட, கசிவைக் காட்ட மீட்டர் இருக்கேப்பா. மூக்கை வெச்சா இந்தக் காலத்துல கேஸ் வேலை நடக்குது?" என்றார் முதலாளி.

"மீட்டரை எங்க நீட்டணும்னு மூக்குதான் சொல்லும். நான் ஒரு வீட்டுல கவனிக்காம விட்டு, அங்க ராத்திரி குழந்தைங்க தூங்கினா?"

முதலாளி நல்ல மனிதர். அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை கொடுத்தார். ஹெட்லி குளிர்காலம் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கசிகிறது என்று கூப்பிடுகிறவர்களின் முகவரியைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வசந்தத்தில் அதையும் விட்டுவிட்டார்.

ஆல்வின் என்று ஒரு பஸ் டிரைவர். ஹெட்லியோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஓக்வர்த் போகிற பஸ்ஸை ஓட்டுவார். அது ஹெட்லியின் வீட்டு வழியாகத்தான் போகும். வீட்டைத் தாண்டும்போது ஹாரனை ஒரு தடவை அழுத்துவார். அந்த வசந்தத்தில் அவர்தான் ஒருநாள் உள்ளே வந்து கத்தினார்.

"இப்படியே சோபாவுல கிடந்தா நோரீன் உன் மேல தூசி தட்டித் துணி போட்டு மூடிருவா. ஏதாவது செய்டா."

"என்ன செய்ய?"

"கடையில மாதிரி குழாய் வெச்ச பீர் வேணும், வீட்டுலயே வேணும்னு வருஷக்கணக்கா புலம்பினியே. இப்பப் பண்ணு. கையில குழாய் வேலை இருக்கு. நேரமும் இருக்கு."

"பீர் காய்ச்ச மூக்கு வேணும், ஆல்வின்."

"என் மூக்கு இருக்குல்ல? வாடகையில்லாம எடுத்துக்க."

ஹெட்லி சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நோரீன் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு. நீ பொய் சொல்லக் கூடாது. நல்லால்லைன்னா நல்லால்லைன்னு சொல்லிரணும்."

"நான் எப்படா பொய் சொன்னேன்?"

"என் கல்யாணத்துல, என் கோட்டு ஜோரா இருக்குன்னு சொன்ன."

"அது பொய் இல்ல, கருணை."

மூடிப்போன மீன்கடை ஒன்றிலிருந்து பெட்டி ஃப்ரீசர் ஒன்றை ஆல்வின் பிடித்துக்கொண்டு வந்தார். ஹெட்லி அதைக் கார் ஷெட்டில் வைத்து மூடியைக் கழற்றி, பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் ஓக் பலகையால் ஒரு சட்டம் செய்து பொருத்தினார். அந்தச் சட்டத்தில் துளை போட்டு மூன்று குழாய்கள். உள்ளே மூன்று எஃகுப் பீப்பாய்கள், முழங்கால் உயரத்துக்கு, ஒரு காலத்தில் யாரோ சர்பத் விற்ற பீப்பாய்கள். உறைந்துபோகாமல் குளிர மட்டும் செய்யும்படி ஒரு தெர்மோஸ்டாட். வெளியே கரியமில வாயு சிலிண்டர், அதன் தலையில் முள் காட்டும் ரெகுலேட்டர். அங்கிருந்து ஒரு குழாய் மூன்றாகப் பிரிந்து ஒவ்வொரு பீப்பாய்க்கும் போகும். வாயு மேலிருந்து அழுத்த, பீர் அடியிலிருந்து இன்னொரு குழாய் வழியாக ஏறி வரும்.

முதலில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, டார்ச் பிடித்து, குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒரு இணைப்பில் ஊசிமுனையளவு குமிழி. அதைக் கழற்றித் திரும்பப் போட்டார். பீர்க் குழாய் குட்டையாக இருந்தால் டம்ளரில் நுரைதான் விழும் என்று நீளமான மெல்லிய குழாயை வாங்கி வளையமாகச் சுற்றிக் கட்டினார். அந்த வாரங்களில் அவர் சாப்பிட மறந்தார், விசில் அடித்தார், விரலில் வெட்டுக் காயத்தோடு சந்தோஷமாக உள்ளே வந்தார்.

பழைய பீப்பாய்கள் என்பதால் அவருக்குப் பயம். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பிளீச்சிங் கலந்து பீப்பாய்களையும் குழாய்களையும் ஊறவைத்தார். பிறகு அலசினார். முன்பெல்லாம் போதும் என்று மூக்கு சொல்லும். இப்போது, இவ்வளவு அலசினால் போதாதா என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். அந்த நேரத்தில் ஆல்வின் பஸ்ஸில் இருந்தார். பீர் தயாரானதும் முகர்ந்து பார்க்க அவர் இருக்கிறார், ஆனால் கழுவும்போதே முகர வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

முதல் பீப்பாயைத் திறக்க நாள் குறித்த வெள்ளிக்கிழமை மதியம் ஹெட்லி பழைய முதலாளியிடம் போய், கேஸ் வேலைக்கான அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் கேட்கவில்லை. இனி அது பையில் இருக்க வேண்டாம் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. நடந்தே வீட்டுக்கு வந்தார். ஆல்வின் ஷெட்டில் ஸ்டூல் போட்டுக் காத்திருந்தார்.

"கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன். வா, இதைப் பார்ப்போம்."

குழாயின் கைப்பிடியை முன்னால் இழுத்தார். பீர் இருமாமல் துப்பாமல் ஒரே கயிறாக இறங்கியது. செம்பு நிறம். மேலே இரண்டு விரல் நுரை. கடையில்கூட அப்படி வராது. ஹெட்லி அதை இரண்டு கையாலும் நீட்டினார்.

ஆல்வின் வாயருகே கொண்டுபோனதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. காயத்துக்குத் தடவும் மருந்தும், கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரையும் சேர்ந்த வாடை. ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். நிமிர்ந்தார். எதிரே ஹெட்லியின் முகம்.

"டேய்," என்றார் ஆல்வின், "இதுவரைக்கும் நீ போட்டதுலயே இதுதான்டா ஜோர்."

ஹெட்லி தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஆல்வின் மீதியைக் குடித்து முடித்தார்.

அந்தச் சொல்லை அதன்பின் திருப்பி எடுக்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தபால்காரி டில்லியும் கசாப்புக்கடை கிளெமும் வந்தார்கள். அவர்கள் வாசலில் நுழையும் முன்பே ஆல்வின் பிடித்து நிறுத்திச் சொல்லிவிட்டார்: "எப்படி இருந்தாலும் வாயைத் திறக்காதீங்க." ஒவ்வொரு புதிய பீப்பாயும் அதே கவனத்தோடு கழுவப்பட்டது. ஒவ்வொன்றிலும் அதே வாடை. டில்லி பாதி டம்ளரை ஷெட்டுக்குப் பின்னால் சாக்கடையில் ஊற்றுவாள். கிளெம், கார் ஓட்ட வேண்டும் என்று சொல்லி உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, மீதியை ஊற்றிவிடுவார். ஆனாலும் வந்தார்கள். பேச்சு நன்றாக இருந்தது. ஹெட்லி கதை சொல்வார், பழைய கொதிகலன்களைப் பற்றி, ஒரு பாதிரியார் வீட்டு அடுப்புக்குள் இருந்த பூனையைப் பற்றி. ஆல்வின் மட்டும் ஊற்றியதை முழுக்கக் குடிப்பார். மறு டம்ளரும் கேட்பார்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

ஆகஸ்டில் நோரீனின் அக்கா பெரில் கடலோர ஊரான ஸ்கார்பரோவிலிருந்து விருந்தாளியாக வந்தாள். மனதில் பட்டதை அடக்கத் தெரியாதவள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நோரீன் பன்றி இறைச்சி அடைத்த 'பை' பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைத் தனியாகப் பிடித்து எச்சரிக்க அவளுக்கு வாய்க்கவில்லை. ஹெட்லி தானே ஒரு டம்ளர் கொண்டுவந்து பெரிலிடம் கொடுத்தார். அவள் பெரிய வாயாக எடுத்து, அப்படியே புல்லில் துப்பினாள்.

"ஐயோ கடவுளே! என்ன ஹெட்லி இது? இதை வெச்சுக் கக்கூஸ்தான் கழுவலாம்!"

ஹெட்லிதான் முதலில் சிரித்தார். "உனக்கு ஒயின்தான் சரி, பெரில். பிட்டர் பீர் உன் வாய்க்குப் பழகாது."

"எங்கப்பா பப் நடத்தினார், மறந்துட்டியா? பிட்டர் எனக்குத் தெரியும். இது டெட்டால். மோந்து பாருங்க யாராவது!"

யாரும் முகரவில்லை. கிளெம் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். டில்லி டம்ளரை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். ஹெட்லி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். நோரீனிடம் வந்ததும் அவர் சிரிப்பு நின்றது. அவள் கத்தியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"ஆல்வின்?"

ஆல்வின் எழுந்து நின்றார், வகுப்பில் பெயர் கூப்பிட்ட மாதிரி.

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

"நீ என் மூக்குடா" என்றார் ஹெட்லி. கத்தவில்லை. ஷெட்டுக்குள் போய் சிலிண்டரின் திருகை மூடினார். மூன்று குழாய்களையும் திறந்து, அழுத்தம் இறங்கும் சத்தம் ஓயும்வரை நின்றார். வெளியே வந்து, "போயிட்டு வாங்க எல்லாரும். இருட்டறதுக்குள்ள வீடு போய்ச் சேருங்க" என்றார். வானத்தில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது.

பெரில் மாடிக்குப் போய்விட்டாள். சமையலறையில் கணவனும் மனைவியும் மட்டும்.

"உனக்கும் தெரியும்."

"டம்ளர் கழுவறது நான்தானே, ஹெட்லி."

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். ஒவ்வொரு வாரமும். நீ வியாழக்கிழமையே விசில் அடிக்க ஆரம்பிச்சிருவ."

ஹெட்லி மேஜை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "வேற என்ன சொல்லாம வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"நோரீன்."

அவள் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "லோர்னா கல்யாணத்துல நீ சென்ட் ரொம்பப் போட்டிருந்த. பக்கத்து பெஞ்சுல இருந்தவங்க எழுந்து பின்னால போயிட்டாங்க. அவங்களுக்குக் காத்து வேணுமாம்னு உன்கிட்ட சொன்னேன்."

லோர்னா அவர்களுடைய ஒரே மகள். போன வருஷம் நடந்த அந்தக் கல்யாணத்தை ஹெட்லி தன் வாழ்க்கையின் நல்ல நாட்களில் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து படியில் உட்கார்ந்தார். நோரீன் கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஷெட் பூட்டியிருந்தது. டில்லி தபால் போடும்போது ஜன்னலைப் பார்த்து வணக்கம் சொல்வாள், ஹெட்லியும் கையை உயர்த்துவார், அவ்வளவுதான். ஆல்வின் இரண்டு மூன்று தடவை வந்து கதவைத் தட்டினார். "குளிக்கிறார்", "தூங்கறார்" என்று நோரீன் சொல்லி அனுப்பினாள். பஸ் வீட்டைத் தாண்டும்போது ஹாரன் சத்தம் மட்டும் தினமும் கேட்டது. ஹெட்லி அப்போது ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

நவம்பரில் ஒருநாள், மழை தூறிக்கொண்டிருந்த மத்தியானம், அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு தெருமுனை நிறுத்தத்துக்குப் போய் நின்றார். ஆல்வினின் பஸ் வந்து கதவு திறந்தது.

"எங்க போகணும்?" என்றார் ஆல்வின்.

"இது எங்க வரைக்கும் போகுது?"

"தெரியாத மாதிரி கேக்கற."

ஹெட்லி முன் இருக்கையில் உட்கார்ந்தார். பஸ் மலை ஏறியது. கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். ஆல்வின் எஞ்சினை நிறுத்தினார். கண்ணாடியில் மழை வழிந்தது.

"டில்லி ஊத்தினா, கிளெம் ஊத்தினான். நோரீன் எல்லாம் சொல்லிட்டா. நீ ஏன்டா முழுசாக் குடிச்ச?"

"நீ பாத்துக்கிட்டிருந்தியே."

ஹெட்லி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எப்படி இருந்துச்சு? இப்பவாவது சரியாச் சொல்லு" என்றார்.

"ஆஸ்பத்திரி மாதிரி. காயத்துக்குப் போடற மருந்து. அப்பறம்... பள்ளிக்கூடத்துல நம்மளை நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்களே, அந்த வாடை."

"நீச்சல் குளம்" என்று ஹெட்லி திருப்பிச் சொன்னார். அவர் முகம் மெல்ல மாறியது. "பிளீச்சிங். அலசினது போதலடா. பீப்பாய் பழசுன்னு இரட்டிப்பாப் போட்டேன். போயிருச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? முதல் நாளே நீ சொல்லியிருந்தா, அடுத்த நாள் சரியாகியிருக்கும். ஒரு கெட்டில் சுடுதண்ணி போதும்."

ஆல்வின் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். திரும்பிப் போகும் நேரம் தாண்டிவிட்டது. கீழே நிறுத்தங்களில் யாரோ நனைந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஷெட்டை மறுபடி திறந்தார்கள். குழாய்கள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்கினார்கள். பீப்பாய்களின் ரப்பர் வளையங்களையும் மாற்றினார்கள். ஹெட்லி கழுவுவார், சுடுதண்ணீரில் அலசுவார், ஆல்வின் பீப்பாயின் வாயில் மூக்கை வைத்து முகர்வார். "இன்னும் இருக்கு." மறுபடி அலசல். "இருக்குடா." மறுபடி. "இப்ப வெறும் இரும்பு வாடைதான்." மார்ச்சில் பீர் இறங்கியது. ஆல்வின் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாயிருக்கு, ஹெட்லி. சத்தியமா."

ஹெட்லி அவர் தொண்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். "சரி" என்றார்.

டில்லியும் கிளெமும் வந்து குடித்துவிட்டுப் புகழ்ந்தார்கள். முன்பும் இதே வார்த்தைகளில்தான் புகழ்ந்தார்கள். கிளெம் டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார், ஒரு சொட்டு இல்லை என்று. அந்தச் செய்கையைக் கண்டதும் ஹெட்லி எழுந்து உள்ளே போய்விட்டார். நோரீன் அவர் பின்னாலேயே போய், தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு டம்ளர் பீரை முழுக்கக் குடித்துவிட்டு, "ஆரஞ்சுத் தோல் மாதிரி வாசனை" என்றாள். அவர் அவள் கன்னத்தைத் தொட்டார். ஆனால் நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜூலையில் சில்ஸ்டன் பக்கம் ஒரு கிரிக்கெட் கிளப்பில் கோடை விழா. அங்கே ஹெட்லியை யாருக்கும் தெரியாது. வீட்டுப் பீரை விற்கக் கூடாது, சும்மா கொடுக்கலாம். ஒரு பீப்பாயையும் சின்ன வாயு சிலிண்டரையும் ஆல்வினின் காரில் ஏற்றிக்கொண்டு போய், கேக் மேஜைக்குப் பக்கத்தில் ஐஸ் தொட்டியில் வைத்துவிட்டு, இருவரும் தள்ளி மைதானத்து வேலியருகே போய் நின்றுகொண்டார்கள். ஹெட்லி விளையாட்டைப் பார்க்கவில்லை. குடிக்கிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவன் குடித்துவிட்டு இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். காலில் பேட் கட்டியிருந்த ஒருவன் நின்றபடியே இரண்டு டம்ளர் குடித்தான். வேலி ஓரம், புதர் ஓரம் யாரும் ஊற்றவில்லை. டீ இடைவேளை முடிவதற்குள் குழாய் காற்றை மட்டும் துப்பியது.

ஹெட்லி பீப்பாயை எடுக்கப் போனபோது வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் காலி டம்ளரோடு நின்றிருந்தாள்.

"தீந்துருச்சா? அநியாயம். நீங்க காய்ச்சினதா?"

"ஆமாம்மா."

"பிரமாதமா வாசனையா இருக்கே, பழத் தோட்டத்துல நிக்கற மாதிரி. என்ன போடறீங்க?"

"எல்லாரும் போடறதுதாம்மா" என்றார் ஹெட்லி. "எனக்கு அவ்வளவாத் தெரியாது."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். அவர் குழாயைக் கழற்றி, துணியால் துடைத்து, பையில் வைத்தார். ஜிப் மாட்டிக்கொண்டது. ஆல்வின் வந்து இழுத்துவிட்டார்.

காரில் திரும்பும்போது வயல்களில் புல் அறுத்துப் போட்டிருந்தார்கள். ஜன்னலை இறக்கி அந்த வாசனையை இழுத்த ஆல்வின், ஹெட்லியைப் பார்த்துவிட்டு அவசரமாக ஏற்றினார்.

"இறக்கியே வை. உனக்காவது" என்றார் ஹெட்லி.

கொஞ்ச தூரம் போனதும் ஆல்வின் கேட்டார்: "இப்ப நம்பறியா?"

"அவங்களை நம்பறேன்."

"என்னை?"

ஹெட்லி காலியான பீப்பாய் உருளாமல் இருக்கப் பின்சீட்டுக்குக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நம்பணும்னுதான் ஆசைடா, ஆல்வின்" என்றார். "ரொம்ப ஆசை."

ஆல்வின் தலையாட்டினார். கீத்லி வரும்வரை மெதுவாகவே ஓட்டினார்.